கண்வலிப் பூ பூக்கும் சீமையில் ஆறு நாள்கள்

நவம்பர் 18, திங்கட்கிழமை – மூலனூர்ச் சாலை

பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். குறிஞ்சிப்பாட்டு பாடமாக வந்த ஆண்டுகளிலெல்லாம், கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களைப் பிள்ளைகளை வரிசை பிசகாமல் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அந்த வரிசையின் முதல் பூ, கண்வலிப் பூ என்றும் சொல்லப்படும் செங்காந்தள். ஓர் ஆண்டுகூடத் தடுமாறாமல் 'ஒண்செங் காந்தள்' என்று தொடங்கிய எனக்கு, அந்தக் கொடி எந்த மண்ணில் வேர் பிடிக்கும், அதன் கிழங்கு எப்படி இருக்கும், அதைத் தொட்டுப் பிழைப்பவர்கள் யார் என்பதெல்லாம் தெரியாது. தமிழ்நாட்டின் மாநில மலர் என்று சுவரொட்டியில் பார்த்ததோடு சரி. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி மூலனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "எங்கள் தோட்டத்தில் 2 ஏக்கர் கண்வலி போட்டிருக்கிறோம், கார்த்திகை பிறந்ததும் வாருங்கள் டீச்சர்" என்று அவள் மூன்று ஆண்டுகளாக அழைத்து, இந்த ஆண்டுதான் கிளம்ப வாய்த்தது.

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகும் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. மழை பெய்து ஓய்ந்த மேட்டு நிலம். முள்கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் பசேலென்று நின்றது. நடுநடுவே வெள்வேல மரங்கள், அவற்றின் அடியில் காங்கேயம் மாடுகள். கொறங்காடு முடிந்து ஒரு தோட்டம் தொடங்கிய இடத்தில், கம்பி கட்டிய பந்தல் வரிசைகளின் மேல் முழுக்கச் சிவப்பாகத் தெரிந்ததும், அது எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். மாணவியின் ஊர் அங்கிருந்து இன்னும் வெகு தூரம் என்பதும், அடுத்த பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்பதும் இறங்கிய பிறகு தெரிந்தது. தூறல் வேறு.

சாலையோரத் தேநீர்க் கடை அம்மா தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, தான் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். தேநீர் 12 ரூபாய். இரண்டாவது தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "மழைக்கு ஒதுங்குனவங்ககிட்ட ரெண்டாவதுக்கு வாங்குறதில்லீங்க" என்றார். நான் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "ரொம்ப உத்துப் பாக்காதீங்க, கண்ணு வலிக்கும்" என்று எச்சரித்தார். அந்தப் பூவின் பெயருக்கே அதுதான் காரணமாம். அவர் பிள்ளைப் பருவத்தில் வேலியில் தானாகப் படர்ந்திருந்த கொடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்களாம். இப்போது அவருடைய மருமகள் அதே கொடியில்தான் நாள்தோறும் கூலிக்குப் போகிறார்.

பார்த்தால் கண் வலிக்காது. ஆனால் கொடியைக் கசக்கிய கை கண்ணில் பட்டால் எரியும். அதைத் தொட விடாமல் பிள்ளைகளைத் தடுப்பதற்கு, பார்க்கவே கூடாது என்று சொல்லி வைத்த முன்னோர்களின் கணக்கு எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை – தோட்டம்

காலை ஆறரைக்கு மாணவியின் மாமியார் எழுப்பினார். கம்பங்கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளக் கொடுத்தார். "ஏழரைக்குள்ள குடிச்சிருங்க டீச்சருங்க, கைவெச்ச பிறகு சோப்புப் போட்டுக் கழுவாம வாயில எதுவும் போடக் கூடாது" என்றார். அந்த வீட்டின் முதல் விதி அதுதான். தோட்டத்துக் குழாயடியில் சோப்புக் கட்டி ஒன்று கம்பியில் கட்டித் தொங்குகிறது.

பந்தலுக்குள் நுழைந்ததும் என் சேலைத் தலைப்பைக் கொடி பிடித்துக்கொண்டது. விடுவிக்கக் குனிந்தபோதுதான் அதன் வேலைப்பாட்டைப் பார்த்தேன். பீர்க்குக்கோ பாகலுக்கோ போலத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையே நுனிக்கு வரவரக் குறுகி, கடைசி அரை விரல் நீளம் கம்பியாக மாறிச் சுருண்டுகொள்கிறது. அந்தச் சுருள்தான் அருகில் கிடைத்ததைப் பற்றி ஏறுகிறது. முன்பு முள்கிளுவையையும் விராலியையும் ஊன்றிக் கொடியை ஏற்றினார்களாம். இப்போது பெரும்பாலும் கம்பிதான்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழ்களும் கீழே தொங்காமல் மேல் நோக்கி மடிந்து நிமிர்கின்றன. முதல் நாள் அடிப்பகுதி மஞ்சள், நுனி மட்டும் சிவப்பு. அடுத்தடுத்த நாள்களில் சிவப்பு கீழே இறங்கி, முடிவில் முழு இதழும் இரத்தச் சிவப்பாகிறது. ஓரங்கள் நெளி நெளியாக இருப்பதால் காற்றில் ஆடும்போது விளக்குச் சுடர் போல இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டு இதைக் 'குருதிப் பூ' என்கிறது. அந்தச் சொல்லுக்கு இரத்தம் போன்ற நிறமுள்ள பூ என்று நான் கரும்பலகையில் எழுதிய உரை பாதி உண்மைதான் என்று பந்தலடியில் நின்றபோது தெரிந்தது. மஞ்சளில் தொடங்கி நாளுக்கு நாள் இரத்தம் ஏறுகிற பூ என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அழகுக்குள்தான் விவசாயியின் கவலையும் இருக்கிறது. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பக்கவாட்டில் நீண்டிருக்கின்றன. சூல்தண்டு அவற்றின் நடுவே நிற்காமல், அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி வெளிப்பக்கம் விலகிப் போய்விடுகிறது. ஒரே பூவில் மகரந்தம் இருந்தும் சூல்முடியில் தானாக விழுவது அரிது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் செய்கிற வேலையை 2 ஏக்கரில் அவற்றால் செய்து முடிக்க இயலாது. அதனால் பூப் பூவாக மனிதர்கள் கைவைக்கிறார்கள்.

எட்டு மணிக்கு ஏழு பெண்கள் வந்தார்கள். ஒரு செடியின் பூவிலிருந்து மகரந்தப் பையைக் காம்போடு கிள்ளி எடுத்து, அடுத்த செடியில் அன்று விரிந்த பூவின் சூல்முடியைத் தேடி, மூன்றாகப் பிளந்திருக்கும் அதன் நுனியில் மெல்லத் தொட்டு எடுக்கிறார்கள். தொட்டதும் நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு பூவுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. பேசிக்கொண்டே செய்கிறார்கள், ஆனால் ஒரு பூவைக்கூடத் தவறவிடுவதில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். விரிந்த ஓரிரு நாளுக்குள் தொடாத பூ காய் பிடிக்காது. அரை நாள் கூலி 300 ரூபாய். அண்ணாந்தே வேலை செய்வதால் கழுத்து நோவும், தோள் நோவும் தீராது என்று மூத்தவர் சொன்னார். அவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும்.

என்னையும் நான்கைந்து பூ தொடச் சொன்னார்கள். தொட்டேன். மகரந்தப் பை நடுவில் மட்டும் காம்போடு ஒட்டியிருப்பதால் தொட்டதும் துலாக்கோல் போல ஆடுகிறது; அதை நிலைநிறுத்திக் கிள்ளுவதற்கே எனக்கு நேரம் ஆனது. விரல் நுனியெல்லாம் மஞ்சள் தூள். பக்கத்தில் நின்ற பெண் தன் விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். தலைப்பில் முன்பே பல நாள் மஞ்சள் கறை காய்ந்து கிடந்தது.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களைத் துவைத்த சேலையில் துடைத்துக்கொண்டு, அதை மாற்றாமலே உடுத்தியபடி கணவனுக்குப் புளிக்குழம்பு வைத்த ஒரு புதுமனைவியைக் கூடலூர் கிழார் குறுந்தொகையில் காட்டுகிறார். அந்த விரல்களுக்கு அவர் கொடுத்த பெயர் 'காந்தள் மெல்விரல்'. எத்தனையோ வகுப்புகளில் அந்த உவமையை விளக்கியிருக்கிறேன்: காந்தள் இதழ் மெலிந்து நீண்டது, பெண்ணின் விரலும் அப்படி, என்று. விரலே காந்தளில் பட்டு, காந்தள் தூள் சேலையில் ஏறி, அந்தச் சேலையோடு போய்ச் சோறு பொங்கும் பெண்கள் இங்கே ஏழு பேர் இருந்தார்கள். மெல்விரல் என்று சொல்ல இயலாது. வெடித்த, காய்ப்பு ஏறிய விரல்கள் அவை.

பிற்பகலில் கிழங்கைக் காட்டினார்கள். இரண்டு கைகள் விரிந்த கலப்பை போலவே இருந்தது. கலப்பைக் கிழங்கு என்ற பெயருக்கும், வடமொழியில் லாங்கலி என்ற பெயருக்கும் அதுவே காரணம். இரு முனைகளிலும் பால் நிறத்தில் ஒரு முளை. அந்த முளை ஒடிந்தால் கிழங்கு உதவாது. அதனால் ஆடி, ஆவணியில் நடும்போது தேங்காய்ப்பூ அள்ளுவது போல அள்ளி வைப்பார்களாம். விதை எடுத்த பிறகு கொடி காய்ந்து மண்ணோடு போய்விடும். கிழங்கு மட்டும் உள்ளே உறங்கி, அடுத்த மழைக்கு மீண்டும் கண் விழிக்கும்.

இவர்கள் விற்பது கிழங்கை அல்ல, விதையை. மகரந்தம் தொட்டதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் காய் வெளிறிச் சுருங்கும்; அதைப் பறித்து, உரித்து, செம்மஞ்சள் விதைகளை நிழலில் உலர்த்தி வைத்தால் வியாபாரி வருவார். விதை கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்கூடக் கிடைக்காத ஆண்டும் உண்டு, மூவாயிரத்தைத் தாண்டிய ஆண்டும் உண்டு. விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். "வாங்குறவங்கதானுங்க" என்றார் மாணவியின் மாமனார். ஒரு பருவத்தில் விலை விழுந்தபோது விதையை மூட்டை கட்டி இரண்டு ஆண்டு வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். படுக்கை அறையில் விஷ மூட்டை, பேரப்பிள்ளைகள் தவழ்கிற வீடு. அதை அவர் சொல்லும்போது மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். உலகத்துக்கே மருந்து கொடுக்கிற பயிருக்கு ஓர் அடிப்படை விலைகூட இல்லாமலிருப்பது அநியாயம் என்று நான் மனமாரச் சொல்லுகிறேன்.

இரவு அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும், கொள்ளு ரசமும், முருங்கைக்கீரைப் பொரியலும். முருங்கைக்குப் பெயர் போன ஊர் அது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, புதன்கிழமை – தாராபுரம்

தங்கும் விடுதியில் காலை ஏழு மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. வாடகை 750 ரூபாய். கீழ்த்தளத்தில் பழக்கடை வைத்திருந்தவர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்து, குடத்தைப் பத்திரமாகத் திருப்பித் தந்தால் போதும் என்றார்.

மாணவியின் குடும்பத்துக்கு வேண்டிய சித்த வைத்தியர் ஒருவரைப் பார்க்கப் போனேன். 70 வயதைக் கடந்தவர். திண்ணையில் மண்சட்டி ஒன்றில் கலப்பைக் கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் ஊற வைத்திருந்தார். இரவு முழுவதும் மோரில் ஊறும், பகலில் வெயிலில் காயும், அடுத்த இரவுக்குப் புது மோர். இப்படி 7 நாள் செய்வதைத்தான் சுத்தி என்கிறார்கள். ஆறாம் நாள் சட்டி அது. புளித்த மோர் நாற்றத்துக்கு அடியில் பச்சை மண்ணின் வாடை வந்தது. சுத்தி செய்தாலும் விஷம் குறையுமே தவிர முழுவதும் போகாது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் அவர் இதைப் பயன்படுத்துகிறாராம்.

பழைய மருத்துவச்சிகள் இதை வேறு வகையில் அறிந்திருந்தார்கள். பிள்ளைப்பேறு நீண்டு இழுத்தாலோ, நஞ்சுக்கொடி வெளியேறாமல் நின்றாலோ, கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுவார்கள். பிறந்ததும் உடனே கழுவிவிடுவார்கள். கருவைக் கலைக்கும் என்று பொருள்படும் பெயரே வடமொழியில் இதற்கு உண்டு. மராட்டியில் களலாவி என்கிறார்கள். பேறுகால நோவை உண்டாக்குவது என்றும், சண்டை மூட்டுவது என்றும் அந்தச் சொல்லுக்கு இரு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். இரண்டாவது பொருளை வைத்துக்கொண்டு இந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற நம்பிக்கையும் வளர்ந்திருக்கிறது. தேள் கடிக்கும் பாம்புக் கடிக்கும் பூசிய காலமும் உண்டு. "இப்ப பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதான் நானே சொல்லுவேனுங்க" என்றார் வைத்தியர்.

அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சி மனத்தைவிட்டு நீங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் வேலியோரம் தோண்டும்போது கிடைத்த கிழங்கை ஏதோ வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வேகவைத்துத் தின்றுவிட்டார். வேகவைத்தாலும் இந்த விஷம் போவதில்லை. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடித்தன. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப் போயிற்று. ஊரார் அதைத் தெய்வக் குற்றம் என்றார்கள்.

தெய்வக் குற்றம் அன்று. கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிசின் என்ற பொருள். உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகளை அது உருவாக விடாது. ஆகவே உடம்பில் எவையெல்லாம் விரைவாகப் பெருகுகின்றனவோ அவற்றையே முதலில் தாக்கும்: முதலில் குடலின் உட்தோல், பிறகு இரத்தம் ஊறும் எலும்பு மச்சை, கடைசியில் மயிர்க்கால். அந்தப் பெரியவரின் உடம்பில் விஷம் நடந்த வழியும் இதே வரிசைதான். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை.

அதே பொருளை அளந்து, மிகச் சிறிய அளவில் கொடுக்கும்போது 'கவுட்' என்னும் கீல்வாதத்தில் வீங்கிய கால் கட்டைவிரல் வற்றுகிறது. ஐரோப்பாவில் காந்தளின் உறவுச் செடியான கோல்சிக்கத்திலிருந்து பெல்லெத்தியே, காவெந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820இல் பிரித்தெடுத்த சேர்மம் இது. பயிர் ஆராய்ச்சியாளர்கள் 1937 முதல் இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததுதான். 2023இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் சிறு அளவில் கொடுக்க அனுமதி கிடைத்தது. மூலனூரில் அண்ணாந்து நிற்கும் அந்த ஏழு பேரின் விரல்களில் ஒட்டிய தூளிலிருந்து தொடங்குகிற பாதை அவ்வளவு தூரம் போகிறது.

நவம்பர் 21, வியாழக்கிழமை – பழனி

மாலை போட்ட ஐயப்ப பக்தர்களால் அடிவாரம் நிறைந்திருந்தது. படியேற இரண்டு மணி நேரம் ஆயிற்று. என் முழங்காலைப் பார்த்து, முன்பின் தெரியாத இரண்டு இளைஞர்கள் ஒரு மண்டபத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுச் "சாமியே சரணம்" என்று சொல்லிப் போனார்கள்.

இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சங்கப் பாட்டில் முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலன் காந்தள் சூடி ஆடுவான். அந்த ஆட்டத்துக்கே தொல்காப்பியம் காந்தள் என்று துறைப்பெயர் வைத்திருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் வண்டும் மொய்க்காத காந்தள் கண்ணியை முருகனே தலையில் அணிந்திருக்கிறான். அந்தப் பூவை இன்றும் அவனுக்கு யாரேனும் கட்டுகிறார்களா என்று பார்க்க விரும்பினேன். அடிவாரத்தில் ஒன்பது பூக்கடைகளில் கேட்டேன். செவ்வரளி, சம்பங்கி, மரிக்கொழுந்து, துளசி இருந்தன. காந்தள் இல்லை. "விஷப் பூவைச் சாமிக்கு யாருங்கம்மா கட்டுவாங்க?" என்று கேட்ட பெண், கையில் செவ்வரளியைத்தான் தொடுத்துக்கொண்டிருந்தார். அரளியும் கொல்லக்கூடிய விஷம்தான். ஆனால் அரளி வாசலிலேயே வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கையில் பழகி, பயம் விட்டுப்போன செடி. காந்தள் மலையிலும் வேலியிலும் நின்றுவிட்டது. குறிஞ்சி நிலத்து வேலன் போனபோது அவன் பூவும் கோயிலை விட்டுப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது.

மேலே மூலவரைக் கண்டபோது போகர் நினைவு வந்தார். ஒன்பது பாஷாணங்களைக் கட்டி அவர் செய்த திருமேனி இது என்பது இங்குள்ள மரபு. விஷத்தைக் கட்டினால் மருந்து என்ற நம்பிக்கையின் உச்சியில், நேற்று பார்த்த மோர்ச் சட்டியின் நாற்றம் என் மூக்கில் இன்னும் இருக்க, கைகூப்பி நின்றேன். கீழே இறங்கி விருப்பாச்சி மலைவாழைப்பழம் நான்கு வாங்கினேன், 60 ரூபாய்.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை – வழியில்

திருச்சியைத் தாண்டியதும் பேருந்து பழுதாகி நின்றது. கனமழை. மாற்று வண்டி வர மூன்று மணி நேரம். திருத்துறைப்பூண்டி வந்து சேர்ந்தபோது வேதாரண்யத்துக்கான கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. நனைந்த துணியோடு படுத்தேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை – கோடியக்கரை

மழை விட்டு விட்டுப் பெய்தது. உப்பளப் பாத்திகளெல்லாம் நிரம்பி ஒரே ஏரியாகக் கிடந்தன. பருவம் முடிந்துவிட்டதால் நட்டமில்லை என்று தேநீர்க் கடையில் சொன்னார்கள்.

மூலனூரில் கம்பியில் ஏறிய காந்தளைப் பார்த்துவிட்டதால், யாரும் நடாத காந்தளையும் பார்க்காமல் திரும்பக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன். காட்டுக்குள் போக வேண்டியிருக்கவில்லை. ஊர் ஓரத்தில் பனைமட்டை வேலி ஒன்றில், காரைமுள் புதரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் கொடி ஏறியிருந்தது. ஏழு பூக்கள். அவற்றில் இரண்டு மஞ்சள் மாறாதவை. மழைத்துளி இதழின் நெளிவில் தங்கி, காற்றடித்தபோதெல்லாம் சரிந்தது. இங்கே மகரந்தம் தொட ஆள் இல்லை. ஆனால் கொடியின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு காய், பச்சையாக, மூன்று பக்கமும் புடைத்து நின்றது. எந்தப் பூச்சியோ, எந்தத் தேன்சிட்டோ ஒரு பூவை மட்டும் கண்டுபிடித்திருக்கிறது.

அந்த வீட்டுப் பாட்டி என்னைத் திண்ணைக்கு அழைத்தார். இதைக் கண்வலி என்று அவர் சொல்லவில்லை. "கார்த்திகைப் பூ, ஆயி" என்றார். கிழங்கு இருக்கும் வேலிக்குள் பாம்பு வராது என்பதால் பிடுங்காமல் விட்டிருக்கிறார். பாம்பு நம்பிக்கை எனக்கு இல்லை; ஆனாலும் அந்த நம்பிக்கையால் ஒரு கொடி பிழைத்திருக்கிறது. மருந்துக்கென்று காட்டுக் கிழங்கைத் தோண்டி எடுத்துப் பல இடங்களில் இதை அறவே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பேரப்பிள்ளை பூவைப் பறிக்கக் கை நீட்டியபோது பாட்டி சத்தம் போடவில்லை. கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டு, வேறு பக்கம் காட்டிப் பேசினார்.

கார்த்திகைப் பூ என்ற பெயர் கடலுக்கு அப்பாலும் பெருவழக்கு. 2003இல் விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தார்கள். நவம்பர் 27 அன்று, போரில் இறந்தவர்களின் நினைவோடு சேர்ந்து இந்தப் பூ அங்கே மனங்களில் நிற்கிறது. கொடி பூக்கும் மாதமும் அந்த மாதம்தான். இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பாட்டியின் கணவர் அந்தக் கடலில்தான் வலை போட்டவர். அவரைப் பற்றிப் பாட்டி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுடச் சுடச் சோறும் மத்திக் குழம்பும் போட்டார். காசை நீட்டியதும் முகம் வாடியது. திருப்பி எடுத்துக்கொண்டு, கையிலிருந்த மலைவாழைப்பழம் இரண்டைப் பேரனிடம் கொடுத்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மூலனூரிலிருந்து மாணவி அழைத்தாள். அங்கேயும் வியாழக்கிழமை இரவு பிடித்த மழை விடவில்லையாம். நனைந்த மகரந்தம் ஒட்டாது. ஏழு பெண்களும் வந்து, பந்தலடியில் சாக்குப் பைகளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்களாம். கூலி பாதிதான் கொடுக்க முடிந்ததாம்.

"வெள்ளிக்கெழமை விரிஞ்ச பூ போச்சு டீச்சர், இன்னைக்கு விரிஞ்சதும் அநேகமாப் போச்சு" என்றாள். பின்னால் மாமியாரின் குரல் கேட்டது: அந்தப் பக்கம் வானம் எப்படி இருக்கிறதென்று டீச்சரைக் கேள், மழை அங்கிருந்துதான் வருகிறது.

வேலியோரம் போய்க் கிழக்கே பார்த்தேன். கடலுக்கு மேல் கறுப்பாகத்தான் இருந்தது. அப்படியே சொன்னேன்.